பெரியப்பாவின் உதடுகளைப் படித்த சிறுமி: எட்வீஜ் டான்டிகா பற்றி ஒரு விவாத இழை

நூலகப்பூனை · சனி, இரவு 10:42

எட்வீஜ் டான்டிகா தன் குடும்பத்தைப் பற்றி எழுதிய நினைவு நூல் 'பிரதர், ஐ ஆம் டையிங்' படித்து முடித்து இரண்டு நாள் ஆகிறது. யாரிடமாவது பேசியே ஆக வேண்டும். வீட்டில் கேட்க ஆளில்லை, அதனால் இங்கே வந்துவிட்டேன்.

டான்டிகா 1969இல் கரீபிய நாடான ஹைட்டியில் பிறந்தவர். அவருக்கு இரண்டு வயதாக இருக்கும்போது அப்பா பிழைப்புக்காக நியூயார்க் போனார். நான்கு வயதில் அம்மாவும் கிளம்பினார். கிளம்புவதற்கு முன் அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்து மகளுக்கு கவுனாகத் தைத்துத் தள்ளுகிறார். பெரும்பாலானவை அளவில் பெரியவை. இந்த வருடத்துக்கு அல்ல, அடுத்தடுத்த வருடங்களுக்கு. இந்த இடத்தில் நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

எட்வீஜும் தம்பியும் தலைநகர் போர்ட்-ஓ-பிரான்சின் பெல் ஏர் பகுதியில், ஜோசப் என்பவர் வீட்டில் வளர்ந்தார்கள். ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்று போட்டிருக்கிறது. அப்பாவுக்கு மூத்தவர், ஆகவே நமக்குப் பெரியப்பா. அவர் ஒரு பாப்டிஸ்ட் போதகர். தேவாலயமும் பள்ளிக்கூடமும் நடத்தினார். எழுபதுகளின் கடைசியில் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். பிரசங்கம் செய்தே வாழ்ந்த மனிதர் வாயசைக்கிறார், சத்தம் வரவில்லை. அந்த உதட்டசைவைப் படிக்கச் சிறுமி பழகிக்கொள்கிறாள். அவர் சொல்வதை மற்றவர்களுக்கு அவள் எடுத்துச் சொல்கிறாள். 1981இல், பன்னிரண்டு வயதில், பெற்றோரிடம் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்குப் போகும்வரை இதுதான் நிலைமை.

என் கேள்வி இதுதான். இந்தப் பெண் எப்போது எழுத்தாளர் ஆனார்? அமெரிக்கா போய் ஆங்கிலம் கற்ற பிறகா, பெரியப்பாவுக்கு வாயாக இருந்த நாளிலேயேவா? நான் இரண்டாவது கட்சி.

---

தெருவிளக்கு · சனி, இரவு 11:20

நல்ல அறிமுகம், பூனை. ஆனால் "வாயாக இருந்தாள்" என்கிறீர்களே, வம்பு அங்கேதான் இருக்கிறது. பெரியப்பா கேட்டுக்கொண்டார், அவள் பேசினாள், சரி. ஒரு நாட்டுக்கு வாயாக இருக்கச் சொல்லி யார் கேட்டார்கள்?

இது என் குதர்க்கம் அல்ல. ஹைட்டிக்காரர்களே கேட்டது. 1994இல் வந்த அவருடைய முதல் நாவலில், மகள் கன்னியாக இருக்கிறாளா என்று தாய் தொட்டுச் சோதிக்கும் வழக்கம் வருகிறது. நாவல் வந்தபோது அவருக்கு 25 வயது. 1998இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரி அதைத் தன் புத்தகக் குழுவுக்கு எடுத்தார். அதுவரை ஹைட்டியைத் தேசப்படத்தில் தேடியிராத அமெரிக்க வரவேற்பறைகளுக்கெல்லாம் புத்தகம் போய்விட்டது. ஹைட்டியிலிருந்து போய் அங்கே குடியேறிய பெண்கள் பலர் கொதித்துப்போனார்கள். எங்கள் வீட்டில் இப்படி நடந்ததில்லை, இனி எங்களை எல்லோரும் இந்தக் கண்ணோடுதானே பார்ப்பார்கள் என்று. ஒட்டுண்ணி, நம் பண்பாட்டை விற்றுக் காசு பார்க்கிறவள் என்றுகூடச் சொல்லப்பட்டது. அவரே 2010 கட்டுரைத் தொகுப்பில் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

எனக்கு அந்தக் கோபம் நியாயமாகவே படுகிறது. எண்பதுகளில் புரூக்ளின் பள்ளிகளில் ஹைட்டிப் பிள்ளைகளைப் 'படகு ஜனங்கள்' என்று கேலி செய்திருக்கிறார்கள். எய்ட்ஸ் நோய்க்கான ஆபத்துப் பட்டியலில் ஒரு நாட்டு மக்களையே சேர்த்தது அமெரிக்கா. 1990இல் ஹைட்டியர்கள் ரத்ததானம் செய்யக் கூடாது என்று தடை போட்டபோது பல்லாயிரம் பேர் புரூக்ளின் பாலத்தின் மேல் நடந்தார்கள். இவ்வளவு சேறு பட்ட சனத்துக்கு, நம் ஆளே எழுதிய ஒரு நாவலும் சேறாகத்தான் தெரியும்.

---

நூலகப்பூனை · ஞாயிறு, காலை 7:05

தெருவிளக்கு, நீங்கள் அடுத்த பதிப்பைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. அந்த எதிர்ப்புக்குப் பிறகு நாவலின் கடைசியில் ஒரு பின்னுரை சேர்த்தார். அது வாசகருக்கு எழுதியது அல்ல, நாவலின் நாயகி சோஃபிக்கு எழுதிய கடிதம். சுருக்கமாக என் வார்த்தையில்: இது உன் கதை மட்டும்தான் அம்மா, ஆனால் உன் சின்ன உடம்பின் மேல் ஒரு தேசத்தையே ஏற்றிவிட்டார்கள், அவ்வளவு பாரம் தாங்க அது படைக்கப்படவில்லை.

தான் படைத்த பாத்திரத்திடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கிறது. சண்டை போட்டவர்களிடம் கேட்கவில்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

---

பனிக்காலம் · ஞாயிறு, காலை 8:31

நான் கனடாவில், மொன்றியலில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். இருபத்திரண்டு வருடமாகிறது. என்னோடு இரவு வேலை செய்பவர்களில் பாதிப்பேர் ஹைட்டிக்காரர். ஆகவே இலக்கியம் தெரியாவிட்டாலும் இதில் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

ஹைட்டியில் கதை சொல்பவர் எடுத்த எடுப்பில் கதையைத் தொடங்க மாட்டார். "க்ரிக்?" என்று கேட்பார். இருப்பவர்கள் "க்ராக்!" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் கதை. டான்டிகாவின் சிறுகதைத் தொகுப்புக்கும் இதுதான் பெயர். 1995இல் வந்தது. எங்கள் அம்மம்மா கதை சொல்லும்போது நாங்கள் "ம்" கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் நித்திரையாகிவிட்டார்கள் என்று நிறுத்திவிடுவா. ஆனால் எங்கள் "ம்" கதை நடக்கும்போது வருவது. அவர்களுடைய "க்ராக்" கதைக்கு முன்னாலேயே வருகிறது. நான் சொல்லலாமா என்று கேட்டு, சொல்லு என்ற பதிலை வாங்கிக்கொண்டு தொடங்குவது.

தெருவிளக்கு, யார் கேட்டார்கள் என்றீர்கள். அவர் வளர்ந்த இடத்தில் கதைக்கு உத்தரவு கொடுப்பது கேட்கிறவர்கள்தான்.

---

தெருவிளக்கு · ஞாயிறு, காலை 9:12

அருமையாகச் சொன்னீர்கள் அக்கா. ஆனால் அதே விஷயம் என் பக்கத்துக்கும் சாட்சி சொல்கிறதே! திண்ணையில் "க்ராக்" சொன்னவர்கள் அதே ஊர்க்காரர்கள். கதையில் வரும் கெட்ட தாய் யாரைப் போல இருக்கிறாள், யாரைப் போல இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். இங்கே "க்ராக்" சொன்னது ஓப்ராவின் பார்வையாளர்கள். ஹைட்டித் தாய்மார்கள் பக்கத்து அறையில் உட்கார்ந்து, தங்களைப் பற்றிய கதை ஓடுவதைச் சுவர் வழியாகக் கேட்டார்கள்.

மொழியையும் யோசியுங்கள். வீட்டில் பேசியது ஹைட்டி மக்களின் பேச்சுமொழியான கிரேயோல், பள்ளியில் படித்தது பிரெஞ்சு, எழுதுவது மூன்றாவதாக வந்த ஆங்கிலத்தில். பெரியப்பா பேசிய மொழியில் அந்தப் புத்தகம் பிறக்கவில்லை.

---

ஓய்வாசிரியர் · ஞாயிறு, காலை 11:48

அன்பர்களே, நீங்கள் உரிமை பற்றியே பேசுகிறீர்கள். நான் படித்தது ஒரே ஒரு நாவல், கடற்கரை ஊரில் நடப்பது, 2013இல் வந்தது. அதில் எனக்குத் தெரிந்தது அன்பு. நோசியஸ் என்ற மீனவன். மனைவி பிரசவத்தில் போய்விட்டாள். மகள் கிளேருக்கு ஏழு வயது நிறைகிற நாளில், அவளைத் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட நினைக்கிறான். வெறுத்து அல்ல. வேறு இடம் போய்ப் பிழைப்புத் தேட வேண்டும், கடல் எந்த நாளும் தன்னை எடுத்துக்கொள்ளலாம், அப்போது பிள்ளைக்கு யார் என்ற பயம். அங்கே பிழைப்புத் தேடிப் போவதைக் கிரேயோலில் 'ஷேஷ் லாவி' என்கிறார்களாம், வாழ்வைத் தேடுவது. வேலை தேடுவது என்று சொல்வதில்லை, பாருங்கள்.

இதில் எழுத்தாளர் ஒரு ஆபத்தையும் மறைக்கவில்லை. ஹைட்டியில் ஏழைப் பிள்ளைகளை வசதியான வீடுகளில் விடுவதும், அந்தப் பிள்ளைகள் அங்கே சம்பளமில்லா வேலைக்காரர்கள் ஆவதும் உண்டு. 'ரெஸ்தாவெக்' என்பார்கள். கொடுப்பது அன்பினால் இருக்கலாம், போய்ச் சேரும் இடம் எதுவாகவும் இருக்கலாம். முப்பத்து மூன்று வருடம் பள்ளியில் வேலை பார்த்தவன். தாத்தா பாட்டி வீட்டில் விட்டுவைக்கப்பட்ட பிள்ளைகளின் முகம் எனக்குத் தெரியும். நோசியஸை நான் கோபித்துக்கொள்ளவில்லை.

---

கத்தரிவெயில் · ஞாயிறு, பிற்பகல் 2:30

ஐயா, மன்னிக்கவும், நான் கோபித்துக்கொள்கிறேன்.

டான்டிகாவை இன்னும் படிக்கவில்லை. பூனை சொன்னதைப் பார்த்துவிட்டு இணையத்தில் கிடைத்த சில பக்கங்களை மேய்ந்தேன். அவருடைய அப்பா நியூயார்க்கிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கடிதம் போடுகிறார். அரைப் பக்கம், மூன்று பத்தி. முதலில் நலம், நலமறிய ஆவல். அடுத்தது அனுப்பிய பணத்தை எதற்கெதற்குச் செலவிட வேண்டும். பிறகு முடிவுரை. அவ்வளவுதான்.

என் அப்பா 1989இலிருந்து 2003 வரை சவூதியில் இருந்தார். எங்களுக்கும் இதே கடிதம்தான் வந்தது. அச்சடித்த மாதிரி. "பணம் 4000 அனுப்பியுள்ளேன். அதில் சீட்டுக்கு இவ்வளவு, ஸ்கூல் பீஸ் இவ்வளவு." ஒரு தடவைகூட நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டதில்லை. அம்மா சத்தமாகப் படிப்பாள். நானும் தங்கையும் அடுத்த வரியில் எங்கள் பெயர் வருமா என்று காத்திருப்போம். பெரியவர்கள் இதை அன்பு என்று பின்னால் உட்கார்ந்து விளக்கலாம். எட்டு வயதில் அது வரவுசெலவுக் கணக்குதான்.

---

நூலகப்பூனை · ஞாயிறு, மாலை 4:15

கத்தரிவெயில், உங்கள் கோபத்தை அந்தப் புத்தகமும் ஒதுக்கித் தள்ளவில்லை. அந்தக் கடிதங்களின் வறட்சியை அவரே கிண்டலும் வருத்தமுமாகச் சொல்கிறார். குரல் இருந்தவரை பெரியப்பா கடிதத்தை உரக்கப் படிப்பார், எட்வீஜ் வரிகளுக்கு நடுவில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவாள். ரொம்ப நாள் கழித்து அப்பா காரணம் சொல்கிறார். சொல்ல இருந்தது ஒரு சின்ன உறைக்குள் அடங்குகிற அளவில் இல்லையாம். நிறைய எழுதினால் பிள்ளைகள் அழுவார்கள், தூரத்திலிருந்து தேற்ற முடியாது. அதனால் பணக்கணக்கோடு நிறுத்திக்கொண்டார்.

இந்த அப்பாதான் மகள் புரூக்ளின் வந்ததும் ஒரு டைப்ரைட்டர் வாங்கிக் கொடுக்கிறார். வார்த்தைகளை அளந்து வைக்க உதவும் என்கிறார். அவர் நினைத்தது அவளுடைய கோணல்மாணலான கையெழுத்தை, எழுத்தைச் சீராக வரிசைப்படுத்துவதை. அந்த வாக்கியத்துக்கு வேறு அர்த்தம் வந்து சேர்ந்ததற்கு அவர் பொறுப்பல்ல.

அப்புறம், பெயர் விஷயம் ஒன்று. பெரியப்பாவின் பெயர் டான்டிகா, கடைசியில் 't' கிடையாது. அப்பாவின் பெயரில் எவரோ ஒரு குமாஸ்தா ஓர் எழுத்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டார். அதுவே நிலைத்து மகளுக்கும் வந்துவிட்டது. அடையாளம் அடையாளம் என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறோம். பாதி அடையாளம் அலுவலகத்தில் ஒருவர் பேனா வழுக்குவதில் இருக்கிறது. (நம் ரேஷன் கார்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.)

---

தெருவிளக்கு · ஞாயிறு, இரவு 9:50

அடையாளம் என்றதும் இன்னொரு ஹைட்டிக்காரரைக் கூப்பிட ஆசை. டானி லாஃபெரியேர். 1953இல் போர்ட்-ஓ-பிரான்சில் பிறந்தவர், பத்திரிகையாளர். 1976இல் அவருடைய நண்பரும் சக பத்திரிகையாளருமான ஒருவரை ஹைட்டியின் சர்வாதிகாரி துவாலியே ஆட்சியின் அடியாட்கள் கொன்றார்கள். அடுத்தது தான் என்று தெரிந்ததும் இவர் மொன்றியல் போய்ச் சேர்ந்தார்.

அவரை எங்கே போனாலும் கேட்பார்களாம்: நீங்கள் ஹைட்டி எழுத்தாளரா, கியூபெக் எழுத்தாளரா, கரீபிய எழுத்தாளரா? 2008இல் ஒரு நாவலுக்கு 'நான் ஒரு ஜப்பானிய எழுத்தாளன்' என்று பெயர் வைத்தார். ஜப்பானிய வாசகன் என்னைப் படிக்கும்போது நான் ஜப்பானிய எழுத்தாளன், முடிந்தது கதை. ஐந்து வருடம் கழித்து பிரெஞ்சு அகாதமி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. ஹைட்டி 1804இல் பிரான்சைப் போரில் தோற்கடித்து விடுதலை வாங்கிய நாடு. அங்கே பிறந்தவர் இப்போது பிரெஞ்சு மொழிக்குக் காவல். சிரிப்பாக இல்லையா?

எனக்கு இந்தக் குறும்பு பிடிக்கிறது. டான்டிகா எப்போதும் பாரத்தோடு நிற்கிறார்: அப்பா, பெரியப்பா, தேசம், இறந்தவர்கள். லாஃபெரியேர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நடக்கிறார். பிரதிநிதியாக இருக்க மாட்டேன் என்பதும் ஒரு சுதந்திரம்தானே.

---

பனிக்காலம் · திங்கள், காலை 6:20

நைட் வேலை முடிந்து பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெருவிளக்கு தம்பி, லாஃபெரியேரை இங்கே எல்லாருக்கும் தெரியும், டிவியில் வருவார், நல்லாகச் சிரிக்க வைப்பார். பெட்டியைக் கீழே வைப்பது பற்றிச் சொன்னீர்கள். எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை. டான்டிகாவின் பெரியப்பா எப்படிச் செத்தார் என்று பூனை இன்னும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

அவர் ஹைட்டியை விட்டு வர மறுத்தவர். தம்பி நியூயார்க்கில், போக வர விசா கையில், ஆனாலும் ஊரோடு இருந்தார். எல்லாரும் போய்விட்டால் கடிதத்தை வாங்குவது யார், திரும்பி வருகிறவர்களை வரவேற்பது யார் என்பது அவருடைய நியாயம். 2004 ஒக்டோபரில் ஐ.நா. படையினரும் ஹைட்டிப் பொலிசும் பெல் ஏருக்குள் வந்து, அவருடைய தேவாலயக் கூரையில் ஏறி நின்று சுட்டார்கள். சனம் செத்தது. காசு வாங்கிக்கொண்டு கூரையைக் கொடுத்தான் என்று உள்ளூர்க் கும்பல் அவரைத் தேடியது. 81 வயதுக் கிழவர் பெண் வேடம் போட்டுத் தப்பி, மகனோடு மயாமி வந்து இறங்கினார். கையில் செல்லுபடியான விசா. எவ்வளவு நாள் தங்குவீர்கள் என்று விமான நிலையத்தில் கேட்டார்கள். தம்பி வீட்டுக்கு வந்தேன் என்று சொல்லியிருந்தால் முத்திரை குத்தி விட்டிருப்பார்கள். அவர் உண்மையைச் சொன்னார். தற்காலிகமாகத் தஞ்சம் வேண்டும் என்றார்.

க்ரோம் தடுப்பு முகாமில் வைத்தார்கள். மருந்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணை நடக்கும்போதே வாந்தி எடுத்தார், தொண்டையிலிருந்த ஓட்டை வழியாகவும் வந்தது. வந்து பார்த்த மருத்துவப் பணியாளர் நடிக்கிறார் என்று சொன்னார். நவம்பர் 3, மருத்துவமனையில் சீவன் போனது. மயாமியிலேயே இருந்த டான்டிகாவைக் கடைசிவரை பார்க்க விடவில்லை. அப்போது அவர் கர்ப்பமாக இருந்தார்.

எங்கள் ஆட்கள் அகதிக் கோரிக்கையைக் 'கேஸ்' என்போம். கேஸ் எழுதுவது என்றால் உன் வாழ்க்கையைத் திகதி வாரியாக ஒரு அந்நியருக்குச் சொல்வது. 1991இல் நானும் சொன்னேன். ஒரு திகதியை மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று மூன்று தரம் திருப்பிக் கேட்டார்கள். நான் அழுததை அந்த அறையில் யாரும் எழுதிக்கொள்ளவில்லை, திகதியை எழுதினார்கள். அங்கே "க்ரிக்" கேட்பது நாங்கள் இல்லை, அவர்கள். நம்பினால் இருக்கலாம், நம்பாவிட்டால் விமானம். இதற்குப் பிறகும் நான் ஒரு ஜப்பானியப் பெண் என்று சொல்ல எனக்கு வராது.

---

தெருவிளக்கு · திங்கள், காலை 9:02

அக்கா, ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. வாபஸ் வாங்கவில்லை, ஆனால் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

---

ஓய்வாசிரியர் · திங்கள், முற்பகல் 11:30

பனிக்காலம் அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன்.

ஒரு சொல்லைச் சரியாகச் சொல்வதில் உயிர் இருப்பது பற்றி இவரே ஒரு நாவல் எழுதியிருக்கிறார் என்று பேரன் தேடிச் சொன்னான். 1998இல் வந்தது. 1937 ஒக்டோபரில், ஹைட்டிக்குப் பக்கத்து நாடான டொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரி த்ருஹீயோ, எல்லை ஓரம் கரும்புத் தோட்டங்களிலும் வீடுகளிலும் வேலை செய்த ஹைட்டியரைக் கொல்ல உத்தரவிட்டான். கொத்தமல்லி போன்ற ஒரு கீரையைக் காட்டி இதன் பெயர் என்ன என்று கேட்பார்களாம். ஸ்பானிய மொழியில் 'பெரெஹீல்'. அந்த நடு எழுத்தைக் கிரேயோல் நாக்கு வேறு மாதிரி உருட்டும். உருட்டினால் அரிவாள். செத்தவர் தொகையில் இன்றுவரை ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஆயிரக்கணக்கில் என்பதில் சந்தேகமில்லை. ஹைட்டிக்கு 7,50,000 டாலர் நட்ட ஈடு என்று பேசி, பிறகு 5,25,000 ஆகக் குறைத்துக்கொண்டார்கள். பேரம் பேசியிருக்கிறார்கள், ஐயா!

---

பனிக்காலம் · திங்கள், இரவு 8:14

83 ஜூலையில் எங்களிடம் 'பால்தி' கேட்டார்கள், ஐயா. சிங்களத்தில் வாளிக்குப் 'பால்திய'. முதல் எழுத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பஸ்ஸை மறித்து ஏறிச் சொல்லச் சொன்னார்கள். 'வால்திய' என்று வாயில் வந்தால் தமிழ். என் மாமா தெஹிவளையில் அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்லித் தப்பினவர். பிறகு சாகும்வரை வீட்டில் வாளி என்ற சொல்லைத் தமிழில்கூடச் சொல்ல மாட்டார். "அந்தத் தண்ணி அள்ளுறதை எடு" என்பார்.

என்னோடு வேலை செய்யும் ஹைட்டிக்காரிக்கு இதைச் சொன்னேன். அவ ஒன்றும் சொல்லவில்லை. ஜனவரி முதல் திகதி எனக்கு ஒரு டப்பாவில் பூசணிக்காய் சூப் கொண்டுவந்து தந்தா. 'சூப் ஜூமூ'. அடிமைகளாக இருந்தபோது அவர்கள் சமைத்து, எசமானர் குடித்த சூப். விடுதலை கிடைத்த நாளிலிருந்து அவர்களே குடிக்கிறார்கள், ஒவ்வொரு ஜனவரி ஒன்றும். உறைப்பு நல்லாகவே இருந்தது.

---

மட்டுறுத்துநர் · திங்கள், இரவு 9:00

சூப் செய்முறை கேட்டு ஏழு பேர் எனக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறீர்கள். சமையல் பகுதியில் தனி இழை தொடங்கவும். இங்கே டான்டிகா.

---

தெருவிளக்கு · செவ்வாய், இரவு 10:37

புத்தகத்தை வாங்கி, கேட்ட நேரத்தில் படித்து முடித்துவிட்டேன்.

நான் எதிர்பார்த்தது கண்ணீர். இருந்தது பெரும்பாலும் காகிதம். பெரியப்பா இறந்த பிறகு டான்டிகா அரசாங்க ஆவணங்களைக் கேட்டு வாங்குகிறார். விமான நிலைய விசாரணைப் பதிவு, முகாம் குறிப்பு, மருத்துவக் குறிப்பு. அவர்கள் எழுதிய வரிகளையே எடுத்து வைத்து அந்தக் கடைசி ஐந்து நாட்களைக் கட்டுகிறார். தான் பார்க்காததைப் பார்த்த மாதிரி எழுதவில்லை. இந்த அடக்கம் எனக்குப் பிடித்தது. "ஒரு நாட்டுக்கு வாயாக" என்று நான் எழுதியது இந்தப் புத்தகத்துக்குப் பொருந்தாது. முதல் நாவலைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை, பூனை கோபித்துக்கொண்டாலும்.

பெரியப்பாவை நியூயார்க்கிலேயே புதைக்கிறார்கள். உயிரோடு இருந்தவரை அங்கே வாழ மறுத்த மனிதரை. அப்போது அப்பா, நுரையீரல் சுருங்கும் நோயில் தானே மூச்சுக்குத் திணறிக்கொண்டு, ஒன்று சொல்கிறார்: நம் நாட்டை ஒரு நாடாக இருக்க விட்டிருந்தால் நாம் யாரும் இங்கே வந்து வாழவும் வேண்டாம், சாகவும் வேண்டாம். விட்டார்களா? 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்திக்கொண்டு, இழந்த அடிமைகளுக்கும் தோட்டங்களுக்கும் ஈடாக 15 கோடி ஃபிராங்க் கேட்டது. விடுதலை அடைந்தவன் எசமானனுக்கு நட்ட ஈடு! பின்னால் 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்டக் கடன், கடனுக்கு வட்டி. 1915இலிருந்து 1934 வரை அமெரிக்கப் படை அங்கே உட்கார்ந்திருந்தது. இருபது வருடத்துக்கு மேல் நியூயார்க்கில் வாடகைக் கார் ஓட்டிய ஒருவர் இத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறார்.

2005 மே மாதம் அவரும் போய்விட்டார். அதற்குள் பேத்தி பிறந்து, அவர் மடியில் படுத்துவிட்டாள். அவள் பெயர் மீரா. நம் ஊர் மீரா இல்லை, தாத்தாவின் செல்லப்பெயர் அது. அண்ணனும் தம்பியும் குயின்ஸில் ஒரே இடுகாட்டில் பக்கத்தில் பக்கத்தில். புத்தகத்தின் முடிவில் இருவரும் சொந்த மலைக்கிராமத்தில் நடந்துபோவதாக டான்டிகா நினைத்துப் பார்க்கிறார். ஒருவர் கண்ணுக்குத் தெரியாமல் போனால் மற்றவர் கூப்பிடுவார், இங்கேதான் இருக்கிறேன் என்று பதில் வரும். பனிக்காலம் அக்கா, க்ரிக் க்ராக் நினைவு வந்தது.

---

நூலகப்பூனை · செவ்வாய், இரவு 11:10

கோபமில்லை. முதல் நாவலைத் திரும்பப் படித்துவிட்டு வந்து சண்டை போடுகிறேன்.

---

கத்தரிவெயில் · வியாழன், இரவு 10:05

நான்தான், சவூதிக் கடிதக்காரன்.

நேற்று ஊருக்குப் போயிருந்தேன். சாப்பிட்ட பிறகு அப்பாவிடம் கேட்டுவிட்டேன். இந்த வயதில் இதைக் கேட்பது வெட்கமாகத்தான் இருந்தது. ஏன்ப்பா உங்கள் கடிதத்தில் பணத்தைத் தவிர எதுவுமே இருக்காது?

அவர் கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் எங்கே எழுதினேன் என்றார். அப்பா மூன்றாவதுக்கு மேல் படிக்கவில்லை. கையெழுத்துப் போடுவார். இது எனக்குத் தெரியும், ஆனால் கடிதத்தோடு சேர்த்து யோசித்ததே இல்லை. அவர் தங்கியிருந்த கேம்ப் ரூமில் பதினோரு பேர். அதில் ஒருவர், பரமக்குடிப் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரிசையாக உட்கார்ந்து சொல்ல வேண்டும், அவர் எழுதுவார். மற்ற ஒன்பது பேரும் சுற்றிப் படுத்திருப்பார்கள். "அத்தனை பேர் முன்னாடி என்னத்தச் சொல்றது? காச மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சிருவேன்" என்றார். ஒருமுறை என்னைப் பற்றிக் கேட்கச் சொல்லி வாய் திறந்தாராம். எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்ததும், ஒன்றுமில்லை, ஸ்கூல் பீஸ் கட்டியாச்சா என்று கேளுங்க என்று மாற்றிவிட்டாராம்.

எனக்கு அந்த வரி நினைவிருக்கிறது.

இந்த இழையைப் பற்றியும் சொன்னேன். குரல் போன ஒரு போதகர், அவர் உதட்டைப் பார்த்து ஊருக்கு எடுத்துச் சொன்ன ஒரு சின்னப் பெண். அப்பா கவனமாகக் கேட்டார். வெற்றிலையை மடித்து வாயில் போடும் முன் ஒன்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

"அந்தப் புள்ள, அவரு சொன்னத மட்டும் சொல்லுச்சா, சொல்லாம விட்டதயும் சேத்துச் சொல்லுச்சா?"